பின்கட்டு அடுப்பு

அடுப்பைப் பற்றி எழுதுவது தரக்குறைவு என்று கருதுவோர் நம் சமுதாயத்தில் உண்டு. மார்க்க விளக்கமும் வரலாறும் இலக்கிய நயமும் இடம்பெற வேண்டிய தாள்களில் விறகும் புகையும் எதற்கு என்று அவர்கள் வினவுவர். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி ஒன்றே. ஆடவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இத்தாளைப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் அடுப்பங்கரையிலிருந்து ஓர் இருமல் கேட்கிறதே, அது யாருடையது என்று ஒருமுறை எழுந்து சென்று பார்த்து வரட்டும். பிறகு தரத்தைப் பற்றிப் பேசலாம்.

நீலகிரி மாவட்டத்தை முன்வைத்தே இதனை எழுதுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் அடுப்புக்கு ஒரே வேலைதான். மலையிலோ மூன்று. சோறாக்க வேண்டும், வீட்டைச் சூடாக்க வேண்டும், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாட்கணக்கில் உலராத துணியையும், நனைந்து வந்த விறகையும் காய வைக்க வேண்டும். ஆகவே உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் எரிவாயு வீட்டுக்குள் வந்த பின்னரும் விறகடுப்பு வெளியேறவில்லை. முன்னறையை அடுத்த சமையற்கட்டில் எரிவாயு அடுப்பு பளபளக்கும். பின்கட்டிலே, தகரம் வேய்ந்த சாய்ப்பிலே, கரியேறிய பழைய அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். விருந்தாளிக்குத் தேநீர் முன் அடுப்பில். குடும்பத்தாருக்குச் சோறும் ஆணமும் குளிக்கிற வெந்நீரும் பின் அடுப்பில். கணக்கெடுக்க வருகிறவர் முன் அடுப்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்.

இஃது ஏன்? ஏழ்மை என்பர் ஒரு சாரார். அறியாமை என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே சொல்லுகிறவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கின்ற விடைகள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழ்மை என்று சொல்லிவிட்டால் அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடலாம். அறியாமை என்று சொல்லிவிட்டால் யாரோ ஒரு சுகாதார ஊழியர் வந்து படம் காட்டிப் போகட்டும் என்று இருந்துவிடலாம். மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. மனிதர் அடுப்பை மாற்றுவது பக்கத்து வீட்டைப் பார்த்து. ஊர் மதிக்கும் மனிதரின் வீட்டைப் பார்த்து. மருமகளாக இருந்தால் மாமியாரின் முகத்தைப் பார்த்து. இக்காரணத்தை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால், பார்க்கப்படுகிறவர்கள் பதில் கூறியாக வேண்டும். அதனாலேயே இதைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை என்பது நமது துணிபு.

இம்மலையில் விறகின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையை வெள்ளையரின் குளிர்வாசத்தலமாக ஆக்கினார். பங்களாக்கள் எழுந்தன. ஒவ்வொரு பங்களாவிலும் கணப்பு எரிந்தது. அதற்காகச் சோலைக் காடுகளின் மரங்கள் வெட்டப்பட்டன. அவை போதாமற் போகவே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவந்து நடப்பட்டன. துரைமார் குளிர்காய நடப்பட்ட சீகைதான் பிற்காலத்தில் மலையின் புல்வெளிகளை விழுங்கிக் களையாகிவிட்டது. அதனை அகற்ற வனத்துறை பாடுபடுகிறது. நிற்க. நாம் சொல்ல வந்தது வேறு. அந்தக் கணப்பின் புகை அறைக்குள் நிற்கவில்லை. செங்கற் புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே போய்விட்டது. புகைபோக்கி என்ற பொருள் ஏறத்தாழ 200 ஆண்டுகளாக இம்மலையின் கண்முன்னே நிற்கிறது. துரைமாரிடமிருந்து நம்மவர் கோட்டைக் கற்றனர்; தேநீரைக் கற்றனர்; ரொட்டியும் கேக்கும் சுடக் கற்றனர். பெருமைக்குரிய உதகை வர்க்கி வேகின்ற விறகுச் சூளைக்குக்கூடப் புகைபோக்கி உண்டு. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் பலவற்றின் அடுப்பங்கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. வந்த இடங்களிலும் கரி அடைத்துத் தூர்ந்து கிடந்தது.

முதலாளி கட்டித் தரவில்லை என்பது இதற்கு முதற்காரணம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரச் சொல்லியிருந்தும், ஓரறையும் ஒரு சிறு அடுப்பங்கரையுமே வீடு என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய மக்கள் லயம் என்று அழைத்ததும் இதைப் போன்ற வீட்டைத்தான். இரண்டாவது காரணம் நம்மைச் சார்ந்தது. கோட்டு போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். புகைபோக்கியை யார் பார்ப்பார்? ஊர் பார்க்கும் பொருள் காட்டுத்தீயாய்ப் பரவுகிறது. ஊர் பாராத பொருள், அது உயிரையே காப்பதாயினும், கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

எரிவாயு அடுப்பு பரவியதும் அப்படித்தான். தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் தரப்பட்டுவிட்டன. இதற்கெல்லாம் முன்பே எரிவாயு அடுப்பு நம் கலியாணங்களில் சீர்வரிசைப் பொருளாகிவிட்டது. பெண்ணுக்குப் போடும் நகையோடு, கட்டிலோடு, பீரோவோடு அடுப்பும் வண்டியில் ஏறிற்று. மாப்பிள்ளை வீட்டார் அதனை இறக்கும்போது தெரு பார்த்தது. பெண்ணின் நுரையீரலைக் கருதியா அது கொடுக்கப்பட்டது? அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள் என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. கொடுத்ததைக் குறை கூறவில்லை. எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு அது பயன்பட்டது. தெரு பார்த்தபின் அதன் வேலை முடிந்தது. சிலிண்டர் தீர்ந்தபோது மறு சிலிண்டர் வாங்கியதைத் தெரு பார்க்கவில்லை. ஆகவே அதற்கு யாரும் விரையவுமில்லை.

மிகையாகக் கூறுகிறோம் என்று எண்ணுவோர் அரசின் கணக்கையே பார்க்கட்டும். உஜ்வலா இணைப்புப் பெற்ற குடும்பங்கள் 2019-20இல் சராசரியாக ஆண்டுக்கு வாங்கியது மூன்று சிலிண்டர். 2023-24இல் ஏறத்தாழ நான்கு. முழுச் சமையலையும் எரிவாயுவில் செய்கிற நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருவதே அரிது என்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அப்படியானால் ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அந்த வீடுகளில் எரிந்தது எது? விலை ஒரு பெருந்தடை என்பதை நாம் மறுக்கவில்லை. 2022 மே மாதம் சிலிண்டர் விலை ஆயிரம் ரூபாயைக் கடந்தது. உஜ்வலா குடும்பங்களுக்கு அப்பொழுது 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியம் தர வேண்டியதாயிற்று. தேயிலை பறிக்கும் பெண்ணின் நாட்கூலியை வைத்துப் பார்த்தால் அஃது எத்துணைச் சுமை என்பது விளங்கும். ஆனால் அதே வீட்டில் கைப்பேசிக்கு மாதந்தோறும் பணம் கட்டப்படுகிறது. தவறு என்று சொல்லவில்லை. கைப்பேசியை நான்கு பேர் பார்க்கிறார்கள் என்பதைத்தான் சொல்லுகிறோம்.

எரிவாயுவுக்கு முன்னால் ஒரு கதை நடந்தது. அதனை இன்று பலரும் மறந்துவிட்டனர். புகையில்லா அடுப்பு என்ற பெயரில் ஒரு மண் அடுப்பு, புகைபோக்கிக் குழாயோடு, 1983ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் திட்டமாக நாடெங்கும் போட்டுத் தரப்பட்டது. 2002இல் அந்தத் தேசியத் திட்டம் நிறுத்தப்பட்டபோது கணக்கில் இருந்தவை மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள். அவை எங்கே போயின? குழாய் அடைத்தது, துடைப்பார் இல்லை. வாய் இடிந்தது; பூசுவார் இல்லை. ஒரிசாவில் ஏறத்தாழ 2600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த எஸ்தர் டஃப்லோ முதலிய அறிஞர்கள் இதையே வேறு சொற்களில் எழுதினார்கள். முதலாண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது; பின்னர் அந்தப் பலனும் மறைந்துபோயிற்று. கட்டியதற்கு ஆட்கள் இருந்தனர். கட்டியதைக் காப்பதற்கு ஊரில் யாருக்கும் பெருமை இருக்கவில்லை. இடிந்த அடுப்பைப் பார்த்த அண்டை வீட்டார் தமக்கு வேண்டாம் என்றனர். அவர்களை எப்படிக் குறை கூற முடியும்?

வங்காள தேசத்தில் கிராண்ட் மில்லர், முஷ்பிக் முபாரக் என்ற இரு பொருளியலறிஞர்கள் செய்த ஆய்வொன்று நம் சமுதாயத்தார் ஊன்றிப் படிக்கத்தக்கது. நம்மைப் போன்ற முஸ்லிம் ஊர்களில் நடந்தது என்பதனாலும் அதனை எடுத்துக் கூறுகிறோம். ஊர் மதிக்கும் மனிதர்களுக்கு முதலில் புதிய அடுப்பைக் காட்டி, அவர்கள் அதை ஏற்றார்களா மறுத்தார்களா என்பதை மற்றவர்களிடம் சொன்னார்கள். பெரியவர் ஏற்றார் என்ற செய்தியைக் காட்டிலும் பெரியவர் மறுத்தார் என்ற செய்தியே ஊரை வலுவாக அசைத்தது. இது நமக்குப் புதிதா? லைனில் ஒரு வீட்டில் சிலிண்டர் தீப்பிடித்தால் அச்செய்தி அன்று மாலைக்குள் மூன்று தோட்டங்களைக் கடந்துவிடுகிறது. ஆயிரம் வீடுகளில் அன்று அமைதியாகச் சோறு வெந்தது ஒரு செய்தியே ஆவதில்லை. ஆகவே ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர், தேநீர்க் கடையில் அமர்ந்து, "கேஸில் ஆக்கிய சோறு வயிற்றுக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை பொழுதுபோக்காகச் சொல்லிவிட்டுப் போவாரானால், அந்த வார்த்தை எத்தனை அடுப்பங்கரைகளில் புகையாக நிற்கும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

அவ்வறிஞர்களின் மற்றோர் ஆய்வு நம் தலையைத் தாழச் செய்வது. புகைக்குறைவான அடுப்பைப் பெண்கள் விரும்பினார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றபோது ஆடவர் கை விரித்தனர். இருமுகிறவள் ஒருத்தி, பணப்பையை வைத்திருப்பவர் வேறொருவர். பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, விழிப்புணர்வு எவருக்கு வேண்டும்? புகை கண்ணைக் கரிக்கும் என்பதை அடுப்பூதுகிறவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கூட்டமும் ஒலிபெருக்கியுமா தேவை?

இங்கே மறுப்பாளர்கள் எழுந்து, பெண்களே பழைய அடுப்பை விட மறுக்கிறார்கள், மாமியார்தான் விறகை விரும்புகிறார் என்பார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பேராய்வு நடந்தது. இந்தியாவில் அது நடைபெற்ற களங்கள் நமது விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணனின் குழுவினர் அதில் பங்கு கொண்டனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவும் விலையின்றி வீட்டுக்கே கொண்டுபோய்த் தரப்பட்டன. நடந்தது என்ன? அப்பெண்கள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டனர். ருசி போயிற்று என்று ஓடிவந்து விறகைத் தழுவிக்கொள்ளவில்லை. அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் முடிவு வெளிவந்தது. இதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, புகையால் ஒன்றும் இல்லை என்று சொல்லப் புறப்படுகிறவர்கள், உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட 32 இலட்சம் மரணங்களுக்கு வேறு காரணம் கண்டு சொல்லட்டும். வீட்டுப் புகையால் அவ்வாண்டு இறந்தவர்களுள் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். நுரையீரல் நோயும் மாரடைப்பும் கண்புரையும் கர்ப்பத்தின் ஒன்பது மாதத்தில் வந்து முடிகிற நோய்கள் அல்ல. பல்லாண்டு அடுப்பூதியதன் வட்டி அவை.

ருசி என்ற சொல் வந்துவிட்டது. நம் சமுதாயத்தில் அதற்கு முன் எந்த வாதமும் நிற்பதில்லை. விறகில் ஆக்காத பிரியாணி பிரியாணியா என்று கேட்பார்கள். தேக்சாவின் மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் விடுவதில் ஒரு நயம் இருக்கிறது. அதனை நாமும் உண்டு மகிழ்ந்தவர்களே. வலீமா விருந்தில், திறந்த வெளியில், கூலி பெற்றுச் சமைக்கும் ஆடவர் ஆக்குகிற ஆண்டுக்கு நான்கு பிரியாணியைக் காட்டி, ஆண்டின் 365 நாளும் காற்றுப் புகாத பின்கட்டில் ஒரு பெண் ஆக்குகிற சோற்றுக்கு நியாயம் கற்பிப்பது எந்த அளவையில் அடங்கும் வாதம்? மத்ரஸாவில் தர்க்க நூலின் முதற்பாடம் படிக்கிற மாணவன்கூட இந்த ஒப்பீட்டை ஏற்கமாட்டான்.

அடுத்து நம் பள்ளிவாசல்களுக்கு வருவோம். மலையின் குளிரில் ஒளுச் செய்ய வெந்நீர் வேண்டும்; பஜ்ருக்கு வருகிற முதியவரை ஐஸ் நீரில் கை நனைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே விறகுக் கொதிகலன் வைத்திருக்கும் பள்ளிகள் பல. ரமளானில் நோன்புக் கஞ்சி வேறு. கஞ்சிக்கு அரசு அரிசி தரும் வழக்கம் 2001இல் தொடங்கியது. விறகை ஜமாஅத் தேடிக்கொள்கிறது. ஒரு மஹல்லாவில் எல்லோரும் கண்ணால் காண்கிற அடுப்பு எது என்று கேட்டால், பள்ளிவாசலின் அடுப்புதான் என்போம். வீட்டு அடுப்பைத் தெரு பாராது. பள்ளியின் அடுப்பைச் சிறுவர் முதல் முதியவர் வரை தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அங்கே கண் எரிய விறகு தள்ளப்படுகிற வரையில், மிம்பரில் நின்று எத்தனை ஜும்ஆ உரை நிகழ்த்தினாலும் அது காற்றோடு போகும். சூரிய ஒளியில் நீர் சுடவைக்கும் கருவி மூடுபனி நாட்களில் முழுமையாக உதவாது என்பது உண்மையே. பாதிச் சூட்டை வெயில் தரும் நாட்களில் பாதி விறகாவது மிஞ்சுமல்லவா? பைக்காராவில் 1932 முதலும், கனடா நாட்டு உதவியோடு குந்தாவில் பின்னரும் மின்சாரம் எடுத்து, கோவையின் ஆலைகளை ஓட்டிய மலை இது. தன் நீரால் சமவெளிக்கு ஒளி தந்த மலை தன் நீரைச் சுடவைக்கச் சீகைக் கட்டை தேடுகிறது!

பழைய சட்ட நூல்களில் புகையைப் பற்றிய பேச்சு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் கட்டடக்கலை வல்லுநராக விளங்கிய இப்னு அர்-ராமி, கட்டடங்களைப் பற்றிய சட்டங்களைத் தொகுத்து ஒரு நூல் இயற்றினார். மாலிகி மத்ஹபின் முடிவுகளை ஒட்டியது அந்நூல். நம்மவர் பெரும்பாலும் ஷாபிஈ, ஹனபி வழியினர் என்றாலும் அவ்விவாதம் யாவர்க்கும் பயன்படத்தக்கது. புதிதாக ஹம்மாமோ ரொட்டிச் சூளையோ கட்டி அண்டை வீட்டாரைப் புகையால் வருத்துவது தடுக்கப்பட வேண்டிய தீங்கு என்று அவ்வறிஞர்கள் கொண்டனர். வீட்டு அடுப்பின் புகையை மட்டும் பொறுத்துக்கொண்டனர். ஏன்? அதனைத் தவிர்க்க வழியில்லை. அது இன்றி மனிதர் உண்ண முடியாது. அந்த விலக்கு நின்றது தவிர்க்க முடியாமை என்னும் ஒரு தூணின் மேல். இன்று அந்தத் தூண் இருக்கிறதா? சமையற்கட்டில் எரிவாயு அடுப்பு துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்க, பின்கட்டில் விறகு புகையுமானால், அங்கே தவிர்க்க முடியாமை எங்கிருந்து வந்தது? இதில் ஒன்றையும் நாம் கவனித்தோம். அந்நூலோர் அண்டை வீட்டாருக்கு நேரும் தீங்கைத்தான் ஆராய்ந்தனர். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு நேர்வதை வழக்காடு மன்றத்துக்குக் கொண்டுவர யாரும் இல்லை போலும்.

மலையில் இன்னொரு கேடு இருக்கிறது. இரவில் குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரித் தணலை எடுத்து, படுக்கும் அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொண்டு உறங்குகிறார்கள். தணலில் புகை இல்லை. ஆகவே தீங்கும் இல்லை என்று நினைக்கிறார்கள். மூடிய அறையில் எரிகிற கரி கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை உமிழ்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உயிர்க்காற்றைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அது குருதியின் சிவப்பணுவைப் பற்றிக்கொள்ளும். உறங்கியவர் உறங்கியபடியே போய்விடுவார். குளிர்காலத்தில் இத்தகைய சாவுச் செய்தி வரும்போதெல்லாம், விதி என்று சொல்லிக் கலைகிறோம். தணல் சட்டியை அறைக்குள் வைக்காதே என்று பாட்டியிடம் சொல்லக்கூடிய பேரன் மதிப்புக் குறைந்தவன், அவள் கேட்கமாட்டாள். அவள் கேட்பது யாருடைய சொல்லை? பேஷ் இமாமின் சொல்லை. அடுத்த வீட்டு மூதாட்டியின் சொல்லை. தன் ஒத்த வயதினர் இருவர் தணலை நிறுத்திவிட்டுக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொண்டு குளிரைச் சமாளிக்கிறார்கள் என்ற செய்தியை. குளியலறைக்குள் எரிவாயுவால் நீர் சுடவைக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, காற்றோட்டம் வைக்காதவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புதிய பொருள் என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது.

யாரிடம் சொல்லுவது என்பதில் தவறினால் எத்தனை சொன்னாலும் வீண் என்பதற்கு எவரெட் ராஜர்ஸ் என்ற அறிஞர், புதுமைகள் பரவுவதைப் பற்றி 1962இல் வெளியிட்ட நூலில் ஒரு சான்று காட்டினார். பெரு நாட்டின் லாஸ் மோலினாஸ் என்ற சிற்றூரில், குடிநீரைக் கொதிக்க வைக்குமாறு ஒரு சுகாதார ஊழியர் இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வேண்டினார். 200 குடும்பங்களில் இணங்கியவை 11. அவர் பேச்சைக் கேட்டவர்கள் நோயாளிகளும், வெளியூரிலிருந்து வந்து ஊரோடு ஒட்டாதிருந்தவர்களும்தான். ஊர் யாரைப் பார்த்து நடக்கிறதோ, அவர்களைத் தம் பக்கம் அழைக்க அவரால் இயலவில்லை. நம் மலைத் தோட்டங்களிலும் திட்டங்கள் இப்படித்தான் வருகின்றன. வாகனத்தில் வந்து, லைனின் ஓரத்தில் கூட்டம் போட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மேஸ்திரியின் மனைவியோ, ஓய்வுபெற்ற ஆசிரியையோ, பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவோ அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று கேட்டால் தெரியாது என்பார்கள்.

இதனால், எல்லாப் பழியையும் பெரியவர்கள் தலையில் சுமத்திவிட்டு அரசையும் தோட்ட நிர்வாகங்களையும் நாம் விடுவிக்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். நிரம்பிய சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ எடை. மலையில் சிலிண்டர் வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து நூறு படி கீழே இருக்கும் வீட்டுக்கு அதனைச் சுமப்பவர் யார்? மகன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். இந்தோனேசியா 2007ஆம் ஆண்டு மண்ணெண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறப் புறப்பட்டபோது, ஒரு பெண் கையில் தூக்கிச் செல்லத்தக்க மூன்று கிலோ சிலிண்டரைத் தேர்ந்து, அடுப்போடு சேர்த்து இலவசமாக வழங்கிற்று. சில ஆண்டுகளில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒரு தெருவே ஒரே மாதத்தில் மாறியது. ஆகவே யார் முந்தி யார் பிந்தி என்ற கூச்சத்துக்கு இடமில்லாமற் போயிற்று. நம் நாட்டிலும் ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறது. மலையூர்களில் அதைக் கேட்டுப் பெறுவோர் எத்தனை பேர், கொடுக்க முன்வரும் முகவர் எத்தனை பேர்? கூடலூரில் 1969ஆம் ஆண்டு ஜன்ம நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருந்தோர் ஒரு மின் விளக்குக்கே பல்லாண்டு போராட நேர்ந்தது. அவர்களிடம் மின்னடுப்பைப் பற்றிப் பேசினால் நகைப்பார்கள். விறகு பொறுக்கக் காட்டோரம் சென்ற பெண்ணை யானை அடித்தது என்றால் நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். அவள் ஏன் அங்கே போனாள் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் பருவத்தில் குச்சிகள் விலையின்றிக் கிடைக்கும். விலையின்றிக் கிடைப்பதை விட்டுவிட்டு விலை கொடுத்து எரிக்கச் சொல்லுகிறீர்களே என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. குச்சியை வெட்டி, கட்டி, தலைச்சுமையாய் மேடேறி, உலர்த்தி, ஊதி எரிக்கிற பெண்ணின் பொழுதுக்கு நம் கணக்கில் விலை இல்லை. அதே பொழுதில் அவள் பறித்திருக்கக்கூடிய கொழுந்துக்கு விலை இருக்கிறது. ரமளானில் மட்டும் இந்தக் கணக்கு நம் வீடுகளில் திடீரென்று திருந்திவிடுவதைப் பாருங்கள். ஸஹர் நேரத்தில், விடியுமுன் மூன்றரை மணிக் குளிரில், பின்கட்டுக்குப் போய் விறகு மூட்ட நேரமில்லை என்று எரிவாயுவைப் பற்றவைக்கிறார்கள். ஆணமும் சோறும் அரை மணியில் ஆகிவிடுகின்றன. குடும்பத்துத் தலைவர் அவசரமாய் உண்டு எழுகிறார். அந்த மாதத்தில் ருசியைப் பற்றி ஒரு சொல் பிறப்பதில்லை. ஷவ்வால் பிறை கண்டதும் அவருடைய நாக்குக்குப் பழைய நினைவு வந்துவிடுகிறது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஷஅபான் மாதம் நடுவில் விறகு வியாபாரியை அழைத்து, நோன்புக் கஞ்சிக்கும் ஒளு நீருக்கும் இத்தனை டன் என்று விலை பேசி முன்பணம் கொடுக்கும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இவ்வாண்டு அந்தக் கூட்டத்தில் இரண்டு கணக்குகளை எதிரெதிரே எழுதட்டும்: விறகுக்கு ஆகும் தொகை ஒருபுறம், கஞ்சிக்கு வணிக எரிவாயுவும் ஒளு நீருக்கு வெயிற் கருவியும் வைத்தால் ஆகும் தொகை மறுபுறம். எழுதிய தாளைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அந்தக் கூட்டத்துக்கு மஹல்லாவின் பெண்களுள் இருவரையாவது திரைக்கு அப்பால் இருந்தேனும் பேச அழைக்கட்டும். முத்தவல்லி தம் வீட்டுப் பின்கட்டில் என்ன எரிகிறது என்பதையும் அன்று சொல்லட்டும். விறகு லாரிக்கு முன்பணம் அதன் பிறகு கொடுக்கலாம்.